லக்ஷ்மணின் மனிதர் ஏன் பேசவில்லை?

சற்று நீண்ட பதிவு. மொழியியலும் இதழியலும் பயில்வோருக்குப் பயன்படலாம் என்று கருதி எழுதுகிறேன்.

ஆர். கே. லக்ஷ்மண் 1951ஆம் ஆண்டு முதல் 'டைம்ஸ் ஆஃப் இந்தியா' நாளிதழில் 'யூ செட் இட்' என்னும் தலைப்பில் வரைந்துவந்த சிறு கருத்துப்படங்களில், அரை நூற்றாண்டுக் காலம் ஒரு மனிதர் இடையறாது வந்துகொண்டிருந்தார். கட்டம்போட்ட மேற்சட்டை, வேட்டி, மூக்குக்கண்ணாடி, முறுக்காத மீசை, வழுக்கைத் தலையின் இரு மருங்கிலும் பறந்து நிற்கும் வெண்மயிர். அமைச்சர் பேசும்போது பின்னால் நிற்பார். அதிகாரிகள் கூடி நகைக்கும்போது கதவோரம் நிற்பார். வெள்ளம் பார்க்க விமானத்தில் பறப்பவர்களையும், பள்ளம் விழுந்த சாலையைத் திறந்துவைப்பவர்களையும் புருவம் உயர்த்திப் பார்ப்பார். ஒரு சொல்லும் பேசமாட்டார். ஆங்கிலத்தில் 'காமன் மேன்' என்று பெயர்பெற்ற அவரைத் தமிழில் சாமானியர் என்று அழைக்கலாம்.

அவர் பேசாமைக்குப் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம், அவர் கையறுநிலையில் நிற்கும் குடிமகனின் உருவம் என்பது. அரசியல் நோக்கில் அது பொருந்தும். மொழியியல் பயின்றவள் என்ற முறையில் எனக்கு வேறொரு கேள்வி எழுகிறது. அவர் பேசியிருந்தால் எந்த மொழியில் பேசியிருப்பார்?

இக்கேள்விக்கு லக்ஷ்மணின் வாழ்க்கையே முதல் தடயம். அவர் 1921 அக்டோபர் 24 அன்று மைசூரில் பிறந்தார். பெயரின் முன்னெழுத்தில் நிற்கும் 'ஆர்', இன்றைய நாமக்கல் மாவட்டத்து இராசிபுரத்தைக் குறிக்கும். தந்தை பள்ளித் தலைமையாசிரியர். வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், தந்தையின் நூலகத்திலும் பின்னாளில் தொழிலிலும் ஆங்கிலம் என மூன்று மொழிகளுக்கிடையே வளர்ந்தவர். எழுதப் படிக்கத் தொடங்கும் முன்பே தரையிலும் சுவரிலும் கதவிலும் வரைந்தார். பள்ளியில் அரசிலை ஒன்றை வரைந்ததற்கு ஆசிரியர் பாராட்டியதை வாழ்நாள் முழுவதும் நினைவில் வைத்திருந்தார். இங்கிலாந்தின் புகழ்பெற்ற கருத்துப்பட ஓவியர் டேவிட் லோவின் படங்களை இளமையில் விரும்பிப் பார்த்தபோது, 'லோ' என்னும் கையெழுத்தை நெடுங்காலம் 'கௌ', அதாவது பசு, என்றே படித்துவந்ததாக அவரே எழுதியிருக்கிறார். எழுத்தும் முதலில் ஒரு படமாகவே கண்ணில் படுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

பம்பாயின் ஜே. ஜே. ஓவியப் பள்ளிக்கு விண்ணப்பித்தார். சேர்த்துக்கொள்ளும் அளவுக்குத் திறன் இல்லை என்று மறுமொழி வந்தது. மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். படிக்கும் காலத்திலேயே, 'தி ஹிந்து'வில் வெளியான தம் அண்ணன் ஆர். கே. நாராயணின் கதைகளுக்குப் படம் வரைந்தார். 'கொரவஞ்சி' என்னும் கன்னட நகைச்சுவை இதழிலும் வரைந்தார். சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் ஒரு கோடை விடுமுறையில் பணியாற்றினார். பம்பாயில் 'ஃப்ரீ பிரஸ் ஜர்னல்' அவருக்கு முதல் முழுநேரப் பணியளித்தது. அங்கு உடன் வரைந்தவர் பால் தாக்கரே. 1940களின் இறுதியில் 'டைம்ஸ் ஆஃப் இந்தியா'வில் சேர்ந்தவர், அதன்பின் வேறிடம் தேடவில்லை. வண்ணப்பூச்சு நிறுவனமான ஏஷியன் பெயின்ட்ஸின் அடையாளமாக 1954இல் வந்த, தூரிகை ஏந்திய 'கட்டு' என்னும் சிறுவனும் அவர் வரைந்தவனே.

இவ்விவரங்களை அடுக்குவதற்குக் காரணம் உண்டு. தமிழும் கன்னடமும் ஆங்கிலமும் அறிந்த ஒருவர், மராத்தியும் குஜராத்தியும் இந்தியும் புழங்கும் நகரில், ஆங்கில நாளிதழுக்காக இந்தியா முழுமைக்குமான ஒரு மனிதரை வரைய வேண்டியிருந்தது. தொடக்கத்தில் அவர் அதை நேர்வழியில் செய்யவே முயன்றார். ஒரு படத்தில் வங்காளி, தமிழர், பஞ்சாபியர், இராசத்தானியர் எனப் பலரையும் அவரவர் உடையோடும் தலைப்பாகையோடும் கூட்டத்தில் நிறுத்தினார். படத்தை அச்சுக்குக் கொடுக்கவேண்டிய நேரம் நாள்தோறும் நெருக்கியது. கூட்டத்தில் ஒவ்வொருவராகக் குறைந்து, கடைசியில் ஒருவரே எஞ்சினார் என்று லக்ஷ்மணே கூறியிருக்கிறார்.

கோட்டோவியத்தில் உடைதான் கிளைமொழி. தலைப்பாகை வரைந்தால் ஓர் ஊர், நெற்றிக்குறி வரைந்தால் ஒரு குலம் தெரிந்துவிடும். லக்ஷ்மண் அவற்றை ஒவ்வொன்றாக நீக்கி, வேட்டியும் மேற்சட்டையும் மட்டும் விட்டுவைத்தார். அக்காலத்தில் இந்தியாவின் எந்த நகரத்திலும் ஓர் எழுத்தர் அவ்வாறு உடுத்தி அலுவலகம் சென்றிருக்கக்கூடும். பல வட்டார வழக்குகள் கலந்து பழகும் இடத்தில், ஒவ்வொன்றின் தனிக்கூறுகளும் தேய்ந்து ஒரு பொதுவழக்கு உருவாவதை நாம் வகுப்பில் படித்திருக்கிறோம். சாமானியரின் மேற்சட்டை அப்படிப்பட்ட பொதுவழக்கு.

உடைக்குப் பொதுவழக்கு கிடைத்தது. நாவுக்குக் கிடைக்கவில்லை. இந்திய மொழிகள் எவற்றிலும் ஒருவர் ஒரு முழு வாக்கியம் பேசிவிட்டு அடையாளமற்றவராக இருந்துவிட முடியாது. தமிழையே எடுத்துக்கொள்வோம். அமைச்சரிடம் அவர் 'வந்தீர்களா' என்று கேட்டால் ஒரு படிநிலை, 'வந்தீரா' என்றால் வேறொன்று, 'வந்தியா' என்றால் கதையே வேறு. 'யூ செட் இட்' என்ற தலைப்பைக்கூட, நீ, நீர், நீங்கள் என்னும் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் தமிழாக்க இயலாது. ஆங்கிலத்தின் 'யூ' அந்தத் தேர்வை மறைத்துக் காக்கிறது. அமைச்சர்களும் அதிகாரிகளும் அந்த மறைவில் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள். சாமானியரோ, வாசகர் ஒவ்வொருவரும் தம்மை நிறுத்திப் பார்க்கவேண்டிய இடத்தில் நின்றவர். அவர் வாய் திறந்த கணமே யாரோ ஒருவராகிவிடுவார்.

இதே சிக்கலை அண்ணனும் எதிர்கொண்டார். நாராயண் 1935இல் வெளியான 'சுவாமி அண்ட் ஃப்ரெண்ட்ஸ்' நாவலில் மால்குடியை உருவாக்கினார். அவ்வூரை எந்த வரைபடத்திலும் காண இயலாது. அங்குள்ளோர் வீட்டில் என்ன மொழி பேசுவர் என்பது வாசகருக்கு ஏறத்தாழத் தெரியும், எனினும் காதில் விழுவது ஆங்கிலமே. 1986இல் தொலைக்காட்சித் தொடராக வந்தபோது மால்குடிக்கு முகம் கொடுத்தவை தம்பியின் கோட்டோவியங்கள். அண்ணன் ஊரை வரைபடத்திலிருந்து எடுத்தார், தம்பி மனிதரை மொழியிலிருந்து எடுத்தார்.

மாற்றுவழி இருந்ததா? இருந்தது. யாழ்ப்பாணத்துக் கரவெட்டியில் 1924இல் பிறந்த சி. சிவஞானசுந்தரமும் கட்டடக்கலை பயிலப் பம்பாய்க்குச் சென்றவரே. ஓவியராகத் திரும்பி, கொழும்பின் 'தினகரன்' நாளிதழில் 'சவாரித்தம்பர்' என்னும் சித்திரத் தொடரை வரைந்தார். 1960களில் 'சிரித்திரன்' இதழைத் தொடங்கிச் 'சிரித்திரன் சுந்தர்' என்றே அறியப்பட்டார். தம்பர் மாட்டுவண்டிச் சவாரி அறிந்த யாழ்ப்பாணத்துக் கிராமத்து மனிதர். அவர் பேசுவார், நிறையவே பேசுவார், கிராமத்து யாழ்ப்பாணத் தமிழில் மட்டுமே பேசுவார். அந்தப் பேச்சுக்காகவே ஊரார் அவரைத் தம்மவராகக் கொண்டாடினர். கடலுக்கு இப்பால் உள்ள தமிழருக்கு அதே பேச்சில் சில சொற்களுக்கு விளக்கம் தேவைப்படும். பேசும் பாத்திரம் ஓர் ஊரில் வேர்கொள்கிறது. பேசாத பாத்திரம் எல்லா ஊருக்கும் செல்கிறது. இரண்டில் ஒன்றையே ஓவியர் தேர்ந்தெடுக்க முடியும் என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். சென்ற ஆண்டின் களப்பணி என் எண்ணத்தைச் சற்றே நகர்த்தியது.

என் ஆய்வு சித்தூர், திருப்பதிப் பகுதிகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் இருமொழியம் பற்றியது. நானும் அக்குடும்பங்களில் ஒன்றிலிருந்து வந்தவள்தான். வரலாறு தெரியாதோருக்குச் சுருக்கமாக: வடஆர்க்காட்டின் ஒரு பகுதியும் கடப்பையின் ஒரு பகுதியும் சேர்ந்து 1911இல் சித்தூர் மாவட்டமாயிற்று. 1953இல் ஆந்திர மாநிலம் பிரிந்தபோது மாவட்டம் அதனோடு சென்றது. படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணியும் சுற்றுப்புறமும் சென்னை மாநிலத்துக்குத் திரும்பின. சித்தூர், புத்தூர், திருப்பதி ஆகியவை ஆந்திரத்தில் நின்றன. எல்லைக்கோடு ஊர்களைப் பிரித்ததே ஒழிய, வீடுகளுக்குள் மொழிகளைப் பிரிக்கவில்லை. எங்களில் பலர் வீட்டில் தமிழ் பேசுவோம், கணக்கைத் தெலுங்கில் போடுவோம், கையெழுத்தும் தெலுங்கில் இடுவோம். என் தாத்தா தமிழ் எழுத்தைப் பள்ளியில் கற்றவரல்லர். வேலூரிலிருந்து வரும் 'தினத்தந்தி'யின் 'கன்னித்தீவு' சித்திரக்கதையை நாள்தோறும் எழுத்துக்கூட்டிக் கற்றவர். 1960இல் தொடங்கிய அக்கதை இன்னும் முடியவில்லை. அவருடைய பாடமும் கடைசிவரை முடியவில்லை.

சித்தூரை அடுத்த ஒரு சிற்றூரில், எழுபது வயதைக் கடந்த ஒரு பெரியம்மாவின் பேச்சைச் சில நாட்கள் பதிவுசெய்தேன். முதியோர் ஓய்வூதியத்துக்காக அவர் அலுவலகம் சென்ற நாளில் உடன் சென்றேன். அங்கிருந்த இளைஞர் மரியாதையாகவே தெலுங்கில் வினவினார். பெரியம்மா ஒன்றுக்கும் விடையளிக்கவில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் பேரன் முந்திக்கொண்டு பதில் சொன்னான். விரலைக் கருவியில் பலமுறை அழுத்தியும் ரேகை பதியவில்லை. மறுநாள் வரச்சொன்னார். பெரியம்மா தலையசைத்துவிட்டு வெளியே வந்தார்.

வெளியே வேப்பமரத்தடி வந்ததும், அந்த இளைஞரின் குரலிலேயே, அவர் இழுத்த இடத்தில் இழுத்து, "வேலிமுத்ர படலேது, ரேப்பு ரண்டி" என்றார் பெரியம்மா. பிழையற்ற தெலுங்கு. பேரன் சிரித்தான். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார்: "ரேக விழலியாம் கண்ணு. நாளைக்கி வரணுமாம். நாளைக்கி மட்டும் புதுசா ரேக மொளைக்குமாம்."

இவ்வளவு தெலுங்கு தெரிந்தும் உள்ளே ஏன் பேசவில்லை என்று கேட்டேன். "வாயத் தொறந்தா எந்த ஊருன்னு கேப்பாங்க. தொறக்கலன்னா வேல ஆயிடும்" என்றார். அவருடைய தெலுங்கில் குறையேதும் இல்லை. ஆயினும் சொந்தமாக ஒரு வாக்கியம் பேசினால் ஏதேனும் ஓர் ஒலிப்பு தம்மைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று அவர் அறிந்திருந்தார். லக்ஷ்மண் நேர நெருக்கடியில் கண்டடைந்த உத்தியை அவர் எல்லைப்புற வாழ்க்கையில் கண்டடைந்திருந்தார்.

அவர் சொன்ன மூன்று வாக்கியங்களின் ஈற்றைக் கவனியுங்கள். 'விழலியாம்', 'வரணுமாம்', 'மொளைக்குமாம்'. பிறர் கூற்றைக் கொண்டுகூறும் 'ஆம்' ஈறு இது. 'நான் சொல்லவில்லை, அவர்கள் சொல்கிறார்கள்' என்று பொறுப்பைத் திருப்பிவிடும் ஈறு. முதலிரண்டு வாக்கியங்களும் அந்த இளைஞர் உண்மையில் சொன்னவை. மூன்றாவது அவர் சொல்லாதது, ஆனால் சொன்னதிலிருந்து தவிர்க்க இயலாமல் பிறப்பது. உண்மையான இரண்டு 'ஆம்'களின் வரிசையில் கற்பனையான ஒன்றை நிறுத்தியதில்தான் நகைப்பு பிறந்தது.

லக்ஷ்மணின் தொகுப்பை அன்றிரவு மீண்டும் புரட்டியபோது ஒன்று புலப்பட்டது. அவருடைய படங்களின் கீழ் வரும் வாக்கியங்கள் பெரும்பாலும் அமைச்சரோ அதிகாரியோ கட்சிக்காரரோ பேசுபவை. அவற்றை எந்த அமைச்சரும் அப்படியே பேசியிருக்கமாட்டார். ஆனால் நேற்று பேசியதை ஓர் அடி நீட்டினால் அங்குதான் வந்து சேரும். பெரியம்மாவின் மூன்றாம் வாக்கியம் போன்றவை அவை. ஆங்கிலத்தில் 'ஆம்' ஈறு இல்லாததால் அது கண்ணுக்குத் தெரியவில்லை. தமிழில் எழுதினால் ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் ஓர் 'ஆம்' சேர்க்கவேண்டியிருக்கும். சேர்த்துப் பார்த்தால், யார் கொண்டுகூறுகிறார் என்பதும் தெரிந்துவிடும். கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டவர் ஒருவரே. சாமானியர் உள்ளே பேசவில்லை. வெளியே வந்து நம்மிடம் சொல்கிறார். படம் முழுவதும் அவருடைய கொண்டுகூற்று. 'யூ செட் இட்' என்னும் தலைப்பும் அமைச்சரை நோக்கி அவர் சொல்வதே: சொன்னது நீங்கள்தான், நான் வெறுமனே எடுத்துவந்தேன்.

இந்த ஒப்புமைக்கு எல்லை உண்டு என்பதையும் சொல்லவேண்டும். உரையாடலில் பங்கேற்போரை எர்விங் காஃப்மன் வகைப்படுத்தியபோது, பேச்சு யாரை நோக்கியதோ அவரையும், அருகில் நிற்பதால் கேட்க நேர்பவரையும் வேறுபடுத்தினார். சாமானியர் இரண்டாம் வகை. அவரிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. பெரியம்மா முதல் வகை. கேள்வி அவரிடமே கேட்கப்பட்டது, விடை பேரன் வாயிலிருந்து வந்தது. சாமானியரின் மௌனத்துக்கு நாட்டின் பெரிய நாளிதழில் நாள்தோறும் இடம் இருந்தது. 1988இல் அவர் உருவம் அஞ்சல்தலையில் வந்தது. புனேயில் அவருக்குச் சிலை உண்டு. லக்ஷ்மண் 1984இல் மகசேசே விருதும் 2005இல் பத்ம விபூஷணும் பெற்று, 2015 ஜனவரி 26 அன்று, குடியரசு நாளில், புனேயில் மறைந்தபோது அரசு மரியாதை வழங்கப்பட்டது. அத்தனையும் தகும். எனினும் அந்த மௌனம் ஓர் ஆணின் மௌனம். ஆங்கில நாளிதழ் வாசகர் தம்முடையதாக எண்ணத்தக்க மௌனம். அவர் மனைவி சில படங்களில் வாய் திறந்து பேசுவதுண்டு. ஆனால் பேசிய அவரை யாரும் இந்தியாவின் உருவமாகக் கொள்ளவில்லை. எல்லோருக்குமானவர் என்று ஒருவரை நிறுத்தும்போது யார் யார் கோட்டிலிருந்து அழிக்கப்பட்டனர் என்று கேட்பது லக்ஷ்மணைக் குறைப்பதாகாது. கூட்டமாகத் தொடங்கி ஒருவராக முடிந்தது என்று ஒளிவுமறைவின்றிச் சொன்னவர் அவர்தானே.

எனக்கு இதில் ஒரு நடைமுறைக் கவலையும் இருக்கிறது. என் ஆய்வேட்டின் தரவு, பதிவுசெய்யப்பட்ட பேச்சு. பெரியம்மா அலுவலகத்தில் இருந்த நேரம் என் பெயர்த்தெழுதலில் அவருக்கு ஒரு வரியும் இல்லை. அதை மட்டும் படிப்பவர், இப்பகுதியின் முதிய தமிழருக்குத் தெலுங்கு தெரியாது என்றே முடிவுகட்டுவார். மொழிக் கணக்கெடுப்புகளும் மொழித்திறன் வினாநிரல்களும் அந்த வரியற்ற இடத்தை 'தெரியாது' என்னும் கட்டத்தில் நிரப்பிவிடும். அதன்மேல் பாடநூலும் அலுவல்மொழிக் கொள்கையும் கட்டப்படும். உரையாடல் பகுப்பாய்வாளர்கள் பேச்சின் இடைநிறுத்தத்தை நொடிக்கணக்கில் குறிக்கிறார்கள். அப்பாச்சி மக்களிடையே எங்கெங்கு பேசாதிருப்பது முறை என்பதைக் கீத் பாஸோ 1970இலேயே ஆராய்ந்து எழுதினார். ஆகவே மௌனத்தை ஆராயும் கருவிகள் நம் துறைக்குப் புதியவை அல்ல. அவற்றை எல்லைப்புற அலுவலகத்தின் வரிசைக்குக் கொண்டுவருவதே மீதமுள்ள பணி.

என் நெறியாளர், "பேசாததை எப்படிப் பெயர்த்தெழுதுவீர்கள்?" என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. இப்போதைக்கு நான் கண்ட விடை இது: உள்ளே நிகழ்ந்ததையும் வெளியே வந்து சொன்னதையும் ஒரே பதிவின் இரு பகுதிகளாகக் கொள்வது, வெளியே சொன்னதில் வரும் ஒவ்வொரு 'ஆம்' ஈற்றையும் உள்ளே இருந்த மௌனத்தின் உரிய இடத்தோடு இணைத்துக் குறிப்பது. அடுத்த இயலை இம்முறையில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஓசூர், பாலக்காடு, கோலார் போன்ற எல்லைப்புறங்களில் களப்பணி செய்யும் நண்பர்கள், உங்கள் பதிவுகளில் அலுவலக வாசலுக்கு வெளியே பேசப்பட்டவை இருந்தால் தெரிவியுங்கள். 'ஆம்' ஈறு போன்ற கொண்டுகூற்று வடிவம் உங்கள் பகுதிப் பேச்சில் எங்கெங்கு வருகிறது என்றும் எழுதுங்கள்.